கக்கூசுக்குப் போன குலவீரசிங்கம்

சண்டை முடிந்து, முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி, வானொலி சொன்னதை நம்புவதா விடுவதா என்று யோசிக்கவும் நேரம் கொடுக்காமல் சனத்தை பஸ்களில் ஏற்றி, காட்டை வெட்டி எடுத்த செம்மண் வெளியொன்றில் கொண்டுவந்து கொட்டிய அந்த ஆனி மாதத்தில், முகாமில் முதலில் நடந்தது சமையல் அல்ல, குளிப்பு அல்ல, அழுகையும் அல்ல, பதிவு. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தடித்த கொப்பி, இரண்டு நிறத்தில் பேனை, அவற்றுக்குப் பின்னால் கிளாக்கர் அருமைநாயகம். அருமைநாயகமும் அதே பஸ்ஸில் வந்து இறங்கியவர்தான். கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்காக அந்தப் பெரிய வெளிநாட்டு நிவாரண நிறுவனம் அவரை வரிசையிலிருந்து பிடித்து மேசைக்குப் பின்னால் இருத்திவிட்டது. அன்றிலிருந்து அவர் சனத்தின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கொப்பியைப் பார்க்கத் தொடங்கினார்.

"குடும்பத்தில எத்தினை பேர்?" என்பது அவருடைய முதல் கேள்வி. அதற்கு உள்ளதைச் சொன்ன வீடு அந்த முகாமில் ஒன்றுகூட இல்லை. தலைக்கு இவ்வளவு அரிசி, தலைக்கு இவ்வளவு மா, தலைக்கு இவ்வளவு பருப்பு என்று அளக்கப் போகிறார்கள் என்ற செய்தி வரிசையின் தலையிலிருந்து வாலுக்கு வந்து சேர்ந்தபோது, மூன்று பேர் உள்ள வீடு நாலாகி, ஐந்து பேர் உள்ள வீடு ஏழாகியிருந்தது. பொன்னுக்கிளி தனக்கு வாய்க்காத மாமியார் ஒருத்தியை அன்னபூரணம் என்று பேர் வைத்து எழுதுவித்தாள். சவரிமுத்து பால்மாவை நினைத்து எட்டு மாதத்து இரட்டைப் பிள்ளைகளை எழுதுவித்தான். இதைப் பொய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. சண்டை தங்களிடமிருந்து எடுத்தது எதுவும் எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை, ஆகவே எழுதப்பட்டதெல்லாம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது அவர்களுடைய நியாயம். "ஆள் எங்கை?" என்று கேட்டால் பதிலும் தயாராக இருந்தது: கக்கூசுக்குப் போயிருக்கிறார், தண்ணீர் வரிசையில் நிற்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு. முள்ளுக்கம்பிக்குள் ஒரு மனிதன் போகக்கூடிய இடங்கள் இந்த மூன்றும்தான்.

மங்களேஸ் மட்டும் பொய் சொல்ல நினைத்து வரவில்லை. "எத்தினை பேர்?" என்றபோது "நாலு" என்று அவளுடைய வாய் தானாகச் சொல்லிவிட்டது. புருஷன் பாம்பு கடித்துப் போன நாளிலிருந்து அவளும், சாருகாவும், சின்னவள் மதுசாவும், ஒன்பது வயது நிதுசனுமாக அவர்கள் நாலு பேர்தான். நிதுசன் கடற்கரை மணலில் உயிர் போய் மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. "மூன்று" என்று சொல்ல வாய் இன்னும் பழகவில்லை. பிழை, மூன்று பேர் என்று திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். மகனின் பேரைச் சொல்லி அதற்கு மா வாங்கித் தின்னவும் அவளால் முடியாது.

"நாலாவது ஆர்?" என்றார் அருமைநாயகம்.

"தம்பி."

"பேர்?"

"குலவீரசிங்கம்." அப்படி ஒரு பேர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவள் தனிப்பிள்ளை.

"வயசு? தொழில்?"

"முப்பத்திரண்டு. மேசன்."

"அங்க அடையாளம்?"

"இடது முழங்காலில தழும்பு."

"ஆள் எங்கை?"

"கக்கூசுக்குப் போயிருக்கிறான்."

இந்தப் பேர்களுக்கெல்லாம் ஏழு மாதம் கிழமை தவறாமல் அரிசி அளக்கப்பட்டது, மா அளக்கப்பட்டது, சவர்க்காரம் கொடுக்கப்பட்டது, பொங்கலுக்கு ஆளுக்கொரு சாரமும் கொடுக்கப்பட்டது. ஒருவனுக்கு ஏழு மாதம் சாப்பாடும் போட்டு, உடுக்கச் சாரமும் கொடுத்தால் அவன் வந்துதானே ஆக வேண்டும்? இதுதான் பிறகு முகாம் முழுவதும் ஒப்புக்கொண்ட விளக்கம். அதற்கு மேல் யாரும் கிண்டிப் பார்க்கவில்லை, கிண்டிப் பார்க்க அங்கே வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. தை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தகரக் கதவு போட்ட நாற்பது கக்கூசுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. உள்ளேயிருந்து ஆண்களும் பெண்களும் சாரத்தையும் பாவாடையையும் சரிசெய்துகொண்டு, ஒரு கதவுக்கு ஏழெட்டுப் பேர் என்ற கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீர் வரிசை முன்னறிவிப்பில்லாமல் இரண்டு மடங்கு நீண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றும் உழவு இயந்திரம் காலியாகப் போய், நிறையக் கிழவர்களோடு திரும்பி வந்தது. சவரிமுத்துவின் மனைவி துவைத்துவிட்டு வந்து பார்த்தபோது அரிசிச் சாக்கின்மேல் இரண்டு குழந்தைகள் கிடந்து காலாட்டிக்கொண்டிருந்தன.

மங்களேஸின் பிளாஸ்டிக் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் மெல்லிய ஒரு மனிதன் வந்து நின்றான். பேரில் இருந்த சிங்கத்துக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழுத்தெலும்பு இரண்டும் தெரிந்தது, இடது முழங்காலில் தழும்பு இருந்தது.

"அக்கா, ஏழு மாசமா உள்ளுக்கை இருக்கிறன். ஒரு வாளித் தண்ணி கொண்டந்து வைக்க உங்களுக்குத் தோணேல்லையே?" என்றான்.

"கை கழுவிப்போட்டு வா. சாப்பாடு ஆறுது," என்றாள் மங்களேஸ்.

முதல் கிழமை முகாமில் ஒரே சண்டை. அதுவரை மிச்சமாகி, கம்பிக்கு வெளியே போய், மீனாகவும் மரக்கறியாகவும் உள்ளே வந்துகொண்டிருந்த அரிசியை இப்போது பேருக்குரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்தார்கள். இல்லாத நாலு பேரை எழுதுவித்தவன் நாலு பேருக்கும் பாய் தேடி அலைந்தான். "ஒண்டோட நிப்பாட்டியிருக்கலாம்," என்று அவனுடைய மனைவி அவனை ஊர் கேட்க ஏசினாள். ஆனால் சனம் எதற்குத்தான் பழகவில்லை? இரண்டாம் கிழமை வந்தவர்களை விறகுக்கு அனுப்பினார்கள், மூன்றாம் கிழமை கடுதாசி விளையாடக் கூப்பிட்டார்கள், ஒரு மாதத்தில் அவர்களில் இரண்டு பேருக்குக் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிட்டது.

கொப்பியில் எழுதியிருந்ததைத் தவிர அவர்களுக்குத் தங்களைப் பற்றி வேறொன்றும் தெரியாது. சவரிமுத்துவின் இரட்டையர்கள் எட்டு மாதத்திலேயே நின்றார்கள். வளரவும் இல்லை, பல் முளைக்கவும் இல்லை, அவன் மனைவி அதைக் குறையாக நினைக்கவும் இல்லை. குலவீரசிங்கத்துக்கு மேசன் வேலை தெரியும். அவன் களிமண்ணும் கல்லும் பொறுக்கி அக்காவுக்கு ஒரு அடுப்புக் கட்டினான், பிறகு குளிக்கும் இடத்துக்கு ஒரு மேடை கட்டினான், பிறகு யாரும் கேட்காமல் அடுத்த பத்துக் கொட்டில்களுக்கும் கட்டினான். தழும்பைத் தடவிப் பார்த்து, "இது எப்பிடி அக்கா வந்தது?" என்று கேட்டான். "சின்னனில சைக்கிளால விழுந்தனீ," என்றாள். "ஆர் ஓடினது?" "நான்தான்." "உங்களுக்குக் காயமில்லையே?" "இல்லை, நீதான் கீழ." அவனுக்கு அந்தக் கதை நன்றாகப் பிடித்துவிட்டது. அதைத் தண்ணீர் வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொல்லி, ஒவ்வொரு தடவையும் சைக்கிளுக்கு ஒரு சாமான் கூட்டி, கடைசியில் மணியும் லைட்டும் டைனமோவும் வைத்துவிட்டான்.

இன்னொன்றும் இருந்தது. கக்கூசிலிருந்து வந்தவர்களுக்குள் முடிந்துபோன அந்தச் சண்டை இல்லை. காலை பத்து மணிக்கு ஒரு ஹெலிகொப்டர் முகாமைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அது ஒரு நாளும் ஒன்றும் செய்யவில்லை. அது தலைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. சத்தம் கேட்டவுடன் வரிசையில் நின்றவர்கள், சமைத்தவர்கள், ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் அப்படியே மண்ணில் குப்புற விழுவார்கள். கக்கூசிலிருந்து வந்தவர்கள் மட்டும் நின்றபடி மேலே பார்த்துக் கை காட்டுவார்கள். "ஏன் எல்லாரும் படுக்கினம்?" என்று குலவீரசிங்கம் முதல் நாள் கேட்டான். மங்களேஸ் மண்ணைத் தட்டிவிட்டு, "முதுகு உளைவு," என்றாள். படுத்தவுடன் குறட்டை விடுகிறவர்கள் முகாமில் அவர்கள்தான். பிள்ளைகள் அவர்களைச் சுற்றியே திரிந்தன. மதுசா அந்த ஏழு மாதமும் செருப்பைக் கழற்றாமல் படுத்தவள், எழும்பினால் ஓட வசதி என்று. மாமா வந்த மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். மங்களேஸ் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இல்லாத தம்பியில் அவளுக்குப் பாசம் வந்தது அன்றைக்குத்தான், வந்த பாசம் போகவும் இல்லை.

பேரை வெட்டினால் ஆள் போய்விடும் என்பது பொன்னுக்கிளியால் தெரியவந்தது. அவளுக்கு வந்து சேர்ந்த அன்னபூரணம், மாமியார் என்று எழுதப்பட்ட கடமையை ஒரு நாளும் தவறவிடவில்லை. சோற்றில் கல், கறியில் உப்பு, பிள்ளை வளர்ப்பில் பிழை. பதினாறாம் நாள் பொன்னுக்கிளி ஓடிப்போய், "அண்ணை, அந்தப் பேர் பொய்ப் பேர், வெட்டுங்கோ," என்றாள். அருமைநாயகம் சிவப்புப் பேனையால் கோடு இழுத்தார். கொட்டிலில் அன்னபூரணம், "இதென்ன தேத்தண்ணியோ, இதை மாட்டுக்கு" என்ற இடத்தில் இல்லாமல் போனாள். கிளாஸ் மட்டும் கீழே விழுந்தது. மூன்று நாள் பொன்னுக்கிளி நிம்மதியாக இருந்தாள். நாலாம் நாள், வாயைக் கிளற ஆளில்லாமல், கிளாக்கரிடம் வந்து திரும்ப எழுதச் சொல்லி அழுதாள். "சேர்க்கிற பக்கம் முடிஞ்சு போச்சு தங்கச்சி, வெட்டத்தான் பேனை தந்திருக்கினம்," என்றார் அவர்.

சித்திரை மாதத்தில்தான் இங்கிரிட் வந்தாள். உயரமான வெள்ளைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும், மிகவும் நல்லவள். நல்லவள் என்பதில் முகாமில் இரண்டு கருத்து இல்லை, கஷ்டமே அதுதான். அவளுடைய தலைமை அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து, முதல் ஏழு மாதத்தில் கக்கூசுக் குழிகள் நிறைந்த வேகத்தை அளந்து, இவ்வளவு சனத்துக்கு இவ்வளவுதான் போகுமா என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நானூறு பேர் குறைகிறார்கள் என்பது அவர்களுடைய முடிவு. அந்த நானூறு பேரைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும், நியாயமாக, ஒருவர் மனமும் நோகாமல். முதலில் அடையாள அட்டை கேட்டாள். இருந்தவர்களிடமும் இல்லை, வந்தவர்களிடமும் இல்லை; எல்லாம் சண்டைக்குள் கடந்த கடலேரியோடு போயிற்று. ஒவ்வொரு குடும்பமாக இருத்தி, "இதில் யார் இல்லாதவர்?" என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டாள். ஒவ்வொரு குடும்பமும் அழுதது. அவளும் கூட இருந்து அழுதாள்.

மூன்றாம் நாள், அவளுடைய வெள்ளை பிக்கப்பிலிருந்து ஒரு கூரைத் தகரம் சரிந்து கல்லில் விழுந்தது. வெளி முழுக்கச் சனம் பொத்தென்று குப்புற விழுந்தது. அங்கங்கே சிலர் மட்டும் நின்றபடி, தகரத்துக்கு என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தார்கள். இங்கிரிட் நின்றவர்களை எண்ணினாள். பிறகு தன் தாள்களில் வேகமாக எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வெளிக்கு வர வேண்டும், ஒரு சத்தம் போடப்படும், பயப்பட வேண்டாம், அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன் என்று அறிவித்தல் ஒட்டப்பட்டது. நிற்கிறவர்களின் பேர் வெட்டப்படும் என்பதை அறிவித்தல் சொல்லவில்லை, அருமைநாயகம் சொன்னார்.

மூன்று நாள் முகாம் முழுக்க விழும் பயிற்சி. சட்டி மூடியைத் தட்டினார்கள், கரண்டியால் வாளியை அடித்தார்கள், "விழு! விழு!" என்று கத்தினார்கள். கக்கூசிலிருந்து வந்தவர்களுக்கு இது நல்ல பகிடியாக இருந்தது. ஒருவர் முதலில் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டு விழுந்தார். ஒருத்தி பஞ்சுபோன்ற மண்ணாகத் தேடிப் பார்த்துப் படுத்தாள். குலவீரசிங்கம் மூடிச் சத்தம் கேட்டதும் முதலில் சிரித்தான், பிறகு ஞாபகம் வந்து பக்கவாட்டில் சரிந்தான், சரிந்தபடி, "எவ்வளவு நேரம் கிடக்க வேணும் அக்கா?" என்று கேட்டான்.

மங்களேஸ் மூடியை எறிந்துவிட்டுக் கிளாக்கரிடம் போனாள். "அண்ணை, அவனை வெட்டிப்போடாதையுங்கோ."

அருமைநாயகம் பத்து மாதத்தில் முதல்தடவையாகக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் என்ன செய்ய? அவ பக்கத்தில நிப்பா. தங்கச்சி, பயம் பழக்கி வராது. அதுக்குக் காரணம் வேணும். காரணத்தைச் சொல்லிக் குடுங்கோ."

அவள் திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அந்த முகாமிலேயே கெட்டுப்போகாமல் இருந்த சாமான் அவன் ஒருவன்தான். காரணத்தைச் சொன்னால் ஆள் மிஞ்சுவான், ஆனால் அந்தச் சிரிப்பு மிஞ்சாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவன் சிரித்தபடியே இல்லாமல் போவான், வாசலில் இருக்கிற சின்னச் செருப்பு திரும்பக் காலில் ஏறும். அதைவிட, சொல்வதென்றால் அவள் சொல்ல வேண்டும். இன்றுவரை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அவள் அவனை ஏசினாள், தன்னை ஏசினாள், கக்கூசுக் குழியை அளந்தவனுடைய பரம்பரையையே ஏசினாள். வியாழன் மதியம், பிள்ளைகள் தண்ணீருக்குப் போன நேரத்தில், "குலம், இதிலை இரு," என்றாள்.

"உனக்கு ஒரு மருமோன் இருந்தவன். நிதுசன் எண்டு பேர். கடைசி நாளுகளில பங்கருக்கை கிடந்தம். கஞ்சி குடுக்கிற இடம் கொஞ்சம் தள்ளி. சின்னவளுக்குக் காய்ச்சல், மடியில கிடந்தவள், அவன் தான் போறன் எண்டு தூக்குச்சட்டியைக் கொண்டு போனவன். வாங்கிக்கொண்டு வரேக்கை ஷெல் ஒண்டு கூவிக்கொண்டு வந்தது. எல்லாரும் விழுந்து படுத்திட்டினம். நானும் படுத்திட்டன். தலையைத் தூக்கிப் பாத்தால், அவன் மட்டும் நிக்கிறான். ரெண்டு கையாலயும் சட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்." அவள் விறகை உள்ளே தள்ளினாள். "படுத்தால் கஞ்சி ஊத்துப்படுமெல்லே. முதல்நாள் ஊத்திப்போட்டு வந்தவன். நான்தான் ஏசினனான். நல்லா ஏசினனான்."

எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்கிற குலவீரசிங்கம் அன்றைக்கு மதியம் சோற்றைத் தொடவில்லை. அடுத்த கொட்டிலில் சவரிமுத்துவின் குரல் கேட்டது; அதற்கடுத்ததில் யாரோ ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மதியம் முகாமில் எல்லாத் தறப்பாள்களுக்குக் கீழும் யாரோ யாருக்கோ முதல்தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சனமெல்லாம் வெளியில் வந்து நின்றது. மேசை போட்டுக் கொப்பியை விரித்து, சிவப்புப் பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு அருமைநாயகம் இருந்தார். இங்கிரிட் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டு, சத்தம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு இனிப்பு உண்டு என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு இரும்புக் கம்பியால் தகரத்தில் ஓங்கி அடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது வெளியில் ஒருவரும் நிற்கவில்லை. கிழவர்கள், குமரிகள், இரட்டையர்களை நெஞ்சுக்குக் கீழ் வைத்துக்கொண்டு சவரிமுத்துவின் மனைவி, மொழிபெயர்ப்பாளர், பிக்கப் சாரதி, எல்லோரும் மண்ணில் கிடந்தார்கள். அருமைநாயகம் மேசைக்குக் கீழ் கிடந்தார். அந்தப் பெரிய வெளியில் நின்றது இங்கிரிட் ஒருத்திதான். அருமைநாயகம் மேசைக் கால்களுக்கிடையால் அவளைப் பார்த்தார், நிற்கிறவர்களின் பேரை வெட்ட மேலே விரித்துவைத்த கொப்பியை நினைத்தார், உத்தியோகம் பார்க்கிற மனிதர் என்பதால் பேனையை மூடினார். அவளும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் இருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சனம் ஒவ்வொருவராக எழும்பி மண்ணைத் தட்டியது. பிள்ளைகள் இனிப்புக்கு ஓடின. குலவீரசிங்கம் எழும்பவில்லை. மதுசாவைத் தனக்குக் கீழே போட்டு, இரண்டு கையாலும் அவள் தலையை மூடிக்கொண்டு, யாரும் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்து அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"நிதுசன், படுடா! சட்டியை விடு! கஞ்சி போனாப் போகட்டும், படுடா!"

அந்தப் பேரைப் பத்து மாதமாக யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. மங்களேஸ் ஓடிவந்து அவன் முதுகில் அடித்தாள். "முடிஞ்சுது குலம், எழும்பு, உன்ரை பேர் இருக்கு, எழும்படா," என்று அடித்தாள். அவனுக்கு அது கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தான். அடித்த கை ஓய்ந்து, அவளும் அவனுக்குப் பக்கத்தில் மண்ணில் குப்புற விழுந்து, அவன் பார்த்த பக்கமே பார்த்தாள்.

"படுடா ராசா," என்று கத்தினாள், "ஊத்தினா ஊத்தட்டும், அம்மா ஏசமாட்டன்."